சைக்கிளுக்குப் பின் லைட் வாங்கப் போகிறீர்களா?



போன மழைக்காலத்தில் ஒரு நாள். விடியற்காலை ஐந்தரை மணி இருக்கும். எங்கள் டிவிஷனில் பிரசவ வலி கண்ட ஒரு தாயை வேனில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். நான் சாரதிக்குப் பக்கத்துச் சீட்டில் இருந்தேன். கினிகத்தேனை – ஹட்டன் வீதியைத் தெரிந்தவர்களுக்கு அந்த நேரத்துப் பனிமூட்டத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வேனின் முன் லைட் வெளிச்சம் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்த மாதிரி நம் முகத்துக்கே திரும்பி வருகிறது. அதோடு தூறல் வேறு.

ஒரு வளைவு திரும்பியதும் சாரதி பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தார். பின்னால் இருந்த அந்தத் தாய் அலறிவிட்டாள். வேன் நின்ற இடத்துக்கும் முன்னால் போன சைக்கிளுக்கும் இடையில் இரண்டு பாகம் தூரம்கூட இல்லை. இறங்கிப் போய்ப் பார்த்தால் நம்ம தோட்டத்துத் தம்பிதான். இரண்டு மாடு வைத்திருக்கிறார், தினமும் காலையில் பால் சேகரிக்கிற இடத்துக்குக் கேனைக் கொண்டு போகிறவர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் தம்பி, ஒரு பின் லைட் போட்டுக்கொண்டு வரக் கூடாதா?" என்று சத்தம் போட்டேன்.

அவர் நடுங்கிக்கொண்டே சொன்னார்: "ஐயா, புது லைட்டுங்க. நேத்துதான் சார்ஜ் போட்டேன். இந்தா பாருங்க, எரிஞ்சுகிட்டுத்தான் இருக்கு." சொல்லிவிட்டு, மழைக்காக முதுகில் போர்த்தியிருந்த படங்கைத் தூக்கிக் காட்டினார். உண்மைதான். சீட்டுக்குக் கீழே சிவப்பு லைட் அழகாக எரிந்துகொண்டிருந்தது. ஆனால் படங்குக்கு உள்ளே!

அன்றைக்கு அந்தத் தாயையும் நல்லபடியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், தம்பியும் பாலைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. லைட் இல்லாதவருக்கு "லைட் வாங்கு" என்று சொல்லலாம். பணம் கொடுத்து வாங்கிப் பூட்டி, ஒழுங்காகச் சார்ஜும் போட்ட ஆளுக்கு என்ன சொல்வது? அதனால்தான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாக எழுதலாம் என்று நினைத்தேன்.

"நம்ம மலையில யாருங்க சைக்கிள் ஓடுறா?" என்று சிலர் கேட்கலாம். செங்குத்தான தோட்டங்களில் குறைவுதான். ஆனால் யட்டியாந்தோட்டை, தெரணியகலை, இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்களில் சைக்கிள் எப்போதுமே இருந்தது. மேட்டுப் பக்கத்திலும் 2022ஆம் ஆண்டு பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது, கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களை எல்லாம் நம் ஆட்கள் வெளியே எடுத்தார்கள். எடுத்த பலர் பிறகு விடவில்லை. டவுன் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள், டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள், பால் கொண்டு போகிறவர்கள், மரக்கறி கொண்டு போகிறவர்கள் எல்லாரும் இருட்டில்தான் ரோட்டில் இருக்கிறார்கள். நவம்பர், டிசம்பர் மாதங்களில் மாலை ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. மழை மேகமும் சேர்ந்துகொண்டால் ஐந்தரைக்கே இருட்டுத்தான்.

நாற்பது மீற்றர் கணக்கு

முதலில் ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற வேன் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 14 மீற்றர் ஓடுகிறது. சாரதியின் கண்ணில் ஏதோ பட்டு, அது என்னவென்று மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போய்ச் சேர ஒன்றரைச் செக்கன் என்று வைப்போம். அதற்குள்ளேயே 21 மீற்றர் போய்விட்டது. நனைந்த ரோட்டில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் ஏறக்குறைய 20 மீற்றர் வேண்டும். ஆக மொத்தம் 40 மீற்றருக்கு மேல். நாலு பஸ்ஸை வரிசையாக நிறுத்தி வைத்த நீளம் அது. இறக்கத்தில் வருகிற பாரமான லொறி என்றால் இதைவிடக் கூட.

அந்த நாலு பஸ் தூரத்துக்கு அப்பாலேயே சாரதியின் கண்ணுக்கு நாம் தெரிய வேண்டும். கறுத்த சேர்ட்டும் நனைந்த படங்கும் போட்டுக்கொண்டு போகிற ஆள், வேன் லைட்டைத் தாழ்த்திப் போட்டால் அவ்வளவு தூரத்தில் தெரியவே மாட்டார். நாம் சைக்கிளில் இருந்து பார்க்கும்போது வேனின் லைட் நமக்கு நன்றாகத் தெரிகிறது. அதனால் "அவனுக்கும் நம்மைத் தெரியும்தானே" என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் பிழை விடுகிறோம்.

சிவப்புக் கண்ணாடி மட்டும் இருந்தால் போதுமா?

சைக்கிள் வாங்கும்போதே பின் மட்கார்டில் ஒரு சிவப்பு ரிப்ளெக்டர் பூட்டித்தான் தருகிறார்கள். அதைக் கிட்டப் பிடித்துப் பார்த்தால் உள்ளே மூலை மூலையாக ஆயிரம் சின்னப் பெட்டிகள் மாதிரித் தெரியும். ஒவ்வொரு மூலையும் தன் மேல் விழுகிற வெளிச்சத்தை, அது வந்த பக்கத்துக்கே திருப்பி அனுப்பும். அதனால்தான் லைட் போட்டு வருகிற சாரதிக்கு அது பளிச்சென்று தெரிகிறது. பெட்டரி வேண்டாம், பல்ப் வேண்டாம், பழுதாகாது. நல்ல சாமான்தான். அதைக் கழற்றி எறிய வேண்டாம். வாரத்துக்கு ஒரு தடவை சேற்றைத் துடைத்துவிட்டால் போதும்.

ஆனால் நம் ரோட்டுக்கு அது மட்டும் போதாது. ஒரு காரணம் பனிமூட்டம். ரிப்ளெக்டர் தெரிய வேண்டும் என்றால் வேனின் வெளிச்சம் பனியைக் கடந்து வர வேண்டும். பிறகு அதே பனியைத் திரும்பவும் கடந்து சாரதியின் கண்ணுக்குப் போக வேண்டும். போகவர இரண்டு தடவை. தானாக எரிகிற லைட் என்றால் ஒரே தடவைதான் கடக்க வேண்டும். மெல்லிய பனியில் இதில் பெரிய வித்தியாசம் தெரியாது. நம் பக்கத்துப் பனியில் உயிர் போகிற வித்தியாசம்.

(சிவப்பு வெளிச்சம் பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். பனியில் இருக்கிற நீர்த்துளிகள் வெளிச்சத்தின் அலையைவிட மிகப் பெரியவை. அதனால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் அவை சிதறடிக்கின்றன. சிவப்பை நாம் போடுவது "இது வண்டியின் பின்பக்கம்" என்று சாரதிக்குச் சொல்வதற்காக. அதனால் முன்னுக்குச் சிவப்பு லைட் போடுவதும் பின்னுக்கு வெள்ளை லைட் போடுவதும் கூடாது. நாம் எந்தப் பக்கம் போகிறோம் என்று சாரதி குழம்பிவிடுவார்.)

இன்னொரு காரணம் வளைவு. வாகனத்தின் முன் லைட் நேராகத்தான் அடிக்கும். ரோட்டோ இடப்பக்கம் வளைகிறது. அப்போது வெளிச்சம் எங்கே போகிறது? வலப்பக்கத்துப் பள்ளத்துக்கும் தேயிலைக்கும் போகிறது. இடது ஓரத்தில், மண்மேட்டோடு ஒட்டிப் போகிற சைக்கிளில் அது படவே படாது. வெளிச்சம் படாத ரிப்ளெக்டர் வெறும் பிளாஸ்டிக் துண்டுதான். வாகனம் வளைவைத் திரும்பி முடித்து நேராகிற போதுதான் அது மின்னும். அதற்குள் நாற்பது மீற்றர் இருக்குமா, பதினைந்து மீற்றர் இருக்குமா, யார் கண்டது?

ஆகவே நமக்கு வேண்டியது தானாக எரிகிற லைட். நேர் பின்னுக்கு மட்டும் அடிக்காமல் பக்கவாட்டிலும் தெரிகிற லைட். கடையில் வாங்கும்போது இந்த ஒன்றை முதலில் பாருங்கள்.

டைனமோ

நம் தகப்பன்மார் காலத்தில் டைனமோதான். டயரில் உரசிச் சுற்றுகிற போத்தல் மாதிரியான சாமான். 6 வோல்ட், 3 வாட். அதில் முன் பல்புக்கு 2.4 வாட், பின் பல்புக்கு 0.6 வாட். பெட்டரிச் செலவு கிடையாது, கரன்ட் வேண்டாம். லைட் இல்லாமல் போனால் பொலிஸ்காரர் சைக்கிளை மறித்துக் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்ற பயத்தில் எல்லாரும் அதைப் போட்டார்கள். என் மாமா ஒருவர் அதன் சத்தத்தை வைத்தே வீட்டுக்கு எவ்வளவு தூரத்தில் வருகிறார் என்று தெரிந்துகொள்ளலாம் என்பார்.

சமதரையில் அது நல்ல சாமான். மலையில் அதற்கு ஒரு பெரிய குறை இருக்கிறது. சக்கரம் சுற்றினால்தான் வெளிச்சம். ஏற்றத்தில் நாம் என்ன செய்கிறோம்? இறங்கித் தள்ளுகிறோம். அப்போது லைட் மங்கி, நின்றால் அணைந்தே போகிறது. ரோட்டில் நாம் மிக மெதுவாக, பாரத்தோடு தள்ளாடிப் போகிற நேரத்தில்தான் பின்னால் வருகிறவருக்கு நாம் நன்றாகத் தெரிய வேண்டும். சரியாக அந்த நேரத்தில் டைனமோ கைவிட்டுவிடும். மழையில் டயர் நனைந்தாலும் அதன் உருளை வழுக்கிக்கொண்டு சரியாகச் சுற்றாது.

ஏற்கெனவே டைனமோ வைத்திருப்பவர்கள் அதைக் கழற்ற வேண்டாம். முன் லைட்டுக்கு அது இருக்கட்டும், பின்னுக்குத் தனியாக ஒரு பெட்டரி லைட் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். முன் பல்ப் எரிந்து போனால் அந்தக் கரன்ட் முழுவதும் சின்னப் பின் பல்புக்குப் போய், அதுவும் உடனே போய்விடும். முன்னுக்கு இருட்டானதும் இறங்கிப் பின்னுக்கும் பாருங்கள். இப்போது நின்ற பிறகும் சில நிமிடம் எரிகிற பின் லைட் வைத்த டைனமோ செட்டுகளும் இருக்கின்றன. ஆனால் விலை கூட, நம் டவுன் கடைகளில் தேடினாலும் இலேசில் கிடைக்காது.

பெட்டரி லைட்டில் எதை எடுப்பது?

இப்போது கடைகளில் தொங்குகிற பின் லைட் எல்லாம் எல்.ஈ.டி. லைட்தான். பழைய பல்ப் வெள்ளையாக எரியும். மேலே சிவப்பு மூடி போட்டு மற்ற நிறத்தை எல்லாம் தடுத்து, சிவப்பை மட்டும் வெளியே விடுவார்கள். பாதிக்கு மேல் வெளிச்சம் மூடியிலேயே வீண். சிவப்பு எல்.ஈ.டி. எரியும்போதே சிவப்பாக எரிகிறது. அதனால்தான் ஒரு சின்னப் பெட்டரியில் நாள்கணக்காக ஓடுகிறது.

பெட்டரியைப் பொறுத்து மூன்று சாதி. பட்டன் பெட்டரி போட்டது, டீவி ரிமோட்டுக்குப் போடுகிற சின்னப் பெட்டரி போட்டது, போன் மாதிரிச் சார்ஜ் போடுவது.

பட்டன் பெட்டரி லைட் மிக மலிவு. ரப்பர் வளையத்தில் கட்டிவிடலாம். ஆனால் வெளிச்சம் குறைவு, மழை கண்டால் உள்ளே தண்ணீர் போகும், பெட்டரி மாற்றப் போனால் லைட்டின் விலையில் பாதி கேட்பார்கள். தோட்டத்து ரோட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதைவிடப் பெரிய காரணம் வீட்டில் இருக்கிற சின்னப் பிள்ளைகள். பிள்ளை அந்தப் பெட்டரியை விழுங்கி, அது தொண்டைக்குக் கீழே உணவுக் குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணித்தியாலத்துக்குள் உள்ளே சதையைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். உயிரே போகலாம். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், "வெளியே போகுதா பார்ப்போம்" என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். டிஸ்பென்சரி மூடியிருந்தால் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், எந்த நேரமானாலும் பரவாயில்லை. ஏற்கெனவே இந்த லைட் வைத்திருப்பவர்கள் அதன் மூடி ஸ்குரூ போட்டு மூடுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கையால் திறக்கிற மூடி என்றால் டேப் சுற்றி வையுங்கள்.

ரிமோட் பெட்டரி இரண்டு போடுகிற லைட்தான் நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் சரிவரும் என்பது என் அபிப்பிராயம். கணக்குப் பாருங்கள். ஒரு நாளைக்கு இருட்டில் நாற்பது நிமிடம் ஓடுகிறவர் வாரத்தில் ஆறு நாளைக்கு நாலு மணித்தியாலம் லைட் போடுகிறார். நல்ல அல்கலைன் பெட்டரி போட்டு 50 மணித்தியாலம் எரிகிற லைட் என்றால் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு வரும். மலிவான சாதாரணப் பெட்டரி அதில் பாதிகூட வராது. அதோடு காலியானதும் சாறு ஒழுகி லைட்டின் உள்ளே இருக்கிற தகட்டை அரித்துவிடும். இருபது முப்பது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் லைட்டையே தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். பழசும் புதுசும் கலந்து போடுவதும் கூடாது.

சார்ஜ் போடுகிற லைட்டுக்குப் பெட்டரிச் செலவு இல்லை. வெளிச்சமும் கூட. போன் சார்ஜரிலேயே போடலாம். ஆனால் விடாமல் எரிய வைத்தால் பலதும் நாலு ஐந்து மணித்தியாலம்தான் ஓடும். அதாவது வாரத்துக்கு ஒரு தடவையாவது மறக்காமல் சார்ஜ் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொண்டால் மறக்காது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரன்ட் வெட்டிய காலமும் இருந்தது. அந்த நாட்களில் ரிமோட் பெட்டரி லைட் வைத்திருந்தவர்கள்தான் தப்பினார்கள். இன்னொன்று, மழையில் நனைந்து வந்த உடனே சார்ஜ் வயரைச் சொருகாதீர்கள். துணியால் துடைத்து, துளையில் ஈரம் காய்ந்த பிறகு போடுங்கள். காம்பராவில் ஒரே பிளக்கில் நாலு சாமான் சொருகி, லைட்டை மெத்தை மேல் வைத்துவிட்டுத் தூங்கவும் வேண்டாம்.

பெட்டியில் லுமன் என்று ஒரு கணக்குப் போட்டிருப்பார்கள். அது வெளிச்சத்தின் அளவு. பின் லைட்டுக்கு இருட்டில் 20, 30 லுமன் நன்றாகப் போதும். நூறு, நூற்றைம்பது என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பகலிலும் தெரிய வேண்டும் என்று செய்தது. இரவில் அதை முழு வெளிச்சத்தில் போட்டால் பின்னால் வருகிறவரின் கண் கூசும், பெட்டரியும் சீக்கிரம் தீரும். லுமனைவிட முக்கியம், நான் முதலில் சொன்ன பக்கவாட்டு வெளிச்சம். கடையில் லைட்டைப் போடச் சொல்லி மேசையில் வைத்துவிட்டு, நேர் முன்னால் நின்று பாருங்கள். பிறகு ஓரமாக நடந்து, லைட்டுக்குப் பக்கவாட்டில் வாருங்கள். அப்போதும் சிவப்பு தெரிந்தால் எடுங்கள். நேரே பார்த்தால் கண்ணைக் குத்துகிறது, பக்கத்தில் வந்தால் ஒன்றுமே தெரியவில்லை என்றால் அது நம் வளைவுகளுக்கு உதவாது. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மழைக்குத் தாங்குமா என்பதற்குப் பெட்டியில் ஐ.பி.எக்ஸ். என்ற எழுத்தும் ஓர் இலக்கமும் இருக்கும். ஐ.பி.எக்ஸ். 4 என்றால் எந்தப் பக்கம் இருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். வட்டவளைப் பக்கத்து மழைக்கு அதற்குக் குறைந்ததை எடுக்க வேண்டாம். 7 என்றால் தண்ணீரில் கொஞ்ச நேரம் மூழ்கினாலும் தாங்கும். அப்படி எதுவும் போடாத லைட்டா? வாங்கினாலும் மூடி பொருந்துகிற இடத்தில் பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு வளையம் வெட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். ஓரளவுக்குத் தண்ணீரைத் தடுக்கும்.

மினுக்கிக்கொண்டே இருக்கட்டுமா?

எல்லா லைட்டிலும் விடாமல் எரிகிற முறையும் இருக்கிறது, மினுக்குகிற முறையும் இருக்கிறது. நம் இளைஞர்களுக்கு மினுக்கத்தான் பிடிக்கும். பெட்டரியும் கூட நாள் வரும். மினுக்கினால் சாரதியின் கண் சீக்கிரம் அந்தப் பக்கம் திரும்பும் என்பதும் சரி. ஆனால் இருட்டில், பனியில், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணிப்பது கஷ்டம். அணைந்து எரிகிற அந்த இடைவெளியில் சைக்கிள் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. நாடுகளே இதில் ஒத்துப் போகவில்லை. இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டில்தான் சைக்கிளுக்கு மினுக்கும் லைட்டைச் சட்டம் அனுமதித்தது. ஜேர்மனியில் சட்டம் அதை ஏற்பதில்லை.

என்னைக் கேட்டால் பனியிலும் இருட்டிலும் விடாமல் எரியட்டும். அந்தியில், இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிற நேரத்தில் மினுக்கட்டும். இரண்டு லைட் வாங்க வசதி உள்ளவர் ஒன்றை எரிய வைத்து மற்றதை மினுக்க விடலாம். ஒன்று வழியில் பழுதானாலும் மற்றது வீடு வரை வரும்.

எங்கே பூட்டுவது?

இப்போது நம் பால்காரத் தம்பியிடம் திரும்பி வருவோம். லைட் வாங்கிய கடையில் சீட்டுக் கம்பியில்தான் பூட்டிக் கொடுத்தார்கள். பெட்டியில் இருக்கிற படத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. அந்தப் படத்தில் இருக்கிற வெள்ளைக்காரர் பால் கேன் கொண்டு போவதில்லை, படங்கும் போர்த்துவதில்லை. கெரியரும் இல்லாத சைக்கிள் அது. நம் சைக்கிளில் சீட்டுக் கம்பிதான் மிகவும் மறைவான இடம். கெரியரில் அரிசி மூட்டை வைத்தால் மறைகிறது. பிள்ளையை ஏற்றினால் மறைகிறது. ரெயின்கோட் போட்டால் அதன் வால் வந்து மூடுகிறது.

ஆகவே லைட்டை மூட்டைக்குப் பின்னால் கொண்டு வாருங்கள். கெரியரின் கடைசிக் கம்பியில், வெளியே பார்க்கிற மாதிரிப் பூட்டுவதுதான் நல்லது. ரப்பர் வளையம் அங்கே பிடிக்காவிட்டால் சைக்கிள் திருத்துகிறவரிடம் சொல்லி ஒரு சின்னத் தகட்டை வளைத்து இரண்டு போல்ட்டில் பூட்டச் சொல்லுங்கள். அதுவும் முடியாதென்றால் பின் மட்கார்டில், ரிப்ளெக்டருக்கு மேலே பூட்டலாம். மிகவும் தாழ்வாகப் போட்டால் சேறு அடித்து மூடிவிடும். சக்கரத்துக்கு வலப் பக்கத்தில் போகிற கம்பியில் கட்டுவதும் ஒரு வழி. நாம் ரோட்டின் இடது ஓரத்தில் போகிறோம், வாகனம் நம் வலப்பக்கத்தால் முந்துகிறது. அதனால் இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் நல்லது. ஆனால் கேனோ சாக்கோ அந்தப் பக்கம் தொங்கினால் அதுவும் மறைந்துவிடும்.

பூட்டிய பிறகு லைட் நேர் பின்னுக்குப் பார்க்க வேண்டும். வானத்தைப் பார்த்தும் தரையைப் பார்த்தும் நிற்கிற லைட்டுகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். குண்டும் குழியுமான தோட்டத்து ரோட்டில் நாலு நாளில் ரப்பர் தளர்ந்து முகம் கவிழ்ந்துவிடும். வாரம் ஒரு தடவை கையால் ஆட்டிப் பாருங்கள். லைட் விழுந்து தொலையாமல் இருக்க ஒரு சின்னக் கம்பியாலும் சேர்த்துக் கட்டி வைக்கலாம்.

லைட் வாங்க இந்த மாதம் கையில் காசு இல்லை என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய சைக்கிள்களில் பின் மட்கார்டின் நுனியில் வெள்ளைப் பெயிண்ட் அடித்திருப்பதைப் பெரியவர்கள் கண்டிருப்பார்கள். அது அழகுக்காக அல்ல. ஒரு கரண்டி வெள்ளைப் பெயிண்ட், பெடலில் மஞ்சள் ரிப்ளெக்டர், கணுக்காலில் மின்னுகிற பட்டி, இவை எல்லாம் கொஞ்சம் உதவும். மேலும் கீழும் போகிற பெடல் மின்னினால் அது சைக்கிள்தான் என்று சாரதிக்கு உடனே விளங்கும். ஆனால் இவை எல்லாம் அவருடைய லைட் பட்டால்தான் மின்னும் என்பதை மறக்க வேண்டாம். லைட் வாங்கும் வரை தாக்குப் பிடிக்கத்தான் இவை.

பால்காரத் தம்பியின் சைக்கிளில் இப்போது லைட் கெரியரின் பின் கம்பியில் இருக்கிறது. தகட்டை வளைத்துப் பூட்டிக் கொடுத்தவர் பெக்டரியில் வேலை செய்கிற ஓர் அண்ணன், அதற்குக் கூலி வாங்கவில்லை. படங்கைத் தம்பி இடுப்போடு ஒரு கயிற்றால் கட்டிக்கொள்கிறார்.

சம்பளம் போட்ட அடுத்த சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்குப் பிள்ளை மடுவத்துக்கு முன்னால் சைக்கிள் வைத்திருப்பவர்கள் எல்லாரும் வாருங்கள். சாமான் ஏற்றிப் போகிறவர்கள் வழக்கமாக ஏற்றுகிற சாமானோடும், மழைக்குப் போர்த்துகிற படங்கோடும் வர வேண்டும். ஒருவர் சைக்கிளில் கீழ் வளைவு வரைக்கும் போகட்டும், மற்றவர்கள் மேலே நின்று லைட் எதுவரை தெரிகிறது என்று பார்ப்போம். மூன்று விதமான லைட்டும், தகடு வளைக்கச் சாமானும் நான் கொண்டு வருகிறேன். மழை பெய்தாலும் நடக்கும். மழையில் பார்ப்பதுதான் இன்னும் நல்லது.